நிறப்பிழை ஸ்டாம்ப் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பழைய ஸ்டாம்ப் சேர்க்கும் இளைஞர்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஆல்பத்தைத் திறந்ததும் "அண்ணா, இது கலர் எர்ரர்" என்று ஒன்றையாவது காட்டாதவர் குறைவு. அச்சகத்திலேயே தவறான நிறத்தில் அச்சாகி, அதனாலேயே கூடுதல் விலை போகும் ஸ்டாம்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாங்கள் அந்த வயதில் ஏமாந்த அதே இடங்களில்தான் இவர்களும் ஏமாறுகிறார்கள். விரலால் தொடாதே, இடுக்கியால் எடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

வெளுத்ததை அச்சுப்பிழை என்று நம்புவது

காசைத் தின்னும் தவறு இதுதான். இன்றைக்கும் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

போன மழைக்காலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட அரையணா ஸ்டாம்ப். பச்சையாக இருக்க வேண்டியது நீலமாக இருந்தது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே கொடுத்திருந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். வலது ஓரத்தில் ஒரு கோடு மட்டும் நல்ல பச்சை. வருஷக்கணக்காகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வெயில் காய்ந்திருக்கிறது. பக்கத்து ஸ்டாம்ப் ஏறி மூடியிருந்த விளிம்பு மட்டும் தப்பியிருக்கிறது. பச்சை மையிலுள்ள மஞ்சள் போய்விட்டால் மிஞ்சுவது நீலம்தான். வெயில் செய்யும் இதே வேலையை ரசாயனத்தை வைத்து வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு.

ஆரஞ்சும் சிவப்பும் வேறு விதமாகக் கெடும். ஈயம் கலந்த நிறமியில் கந்தகம் பட்டால் பழுப்பாகி, அப்புறம் கறுத்துவிடும். ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு, அதனால் பழைய கவர்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். இப்படிக் கறுத்த நிறம் ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். விலையுள்ள ஸ்டாம்பில் நீங்களே அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

நிறப்பிழை என்று யார் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த நிறம் அச்சகத்துக்குள் எங்கிருந்து வந்திருக்கும்? ஸ்வீடனின் 1855ஆம் ஆண்டு வரிசையில் 3 ஸ்கில்லிங் (அந்நாட்டின் அன்றைய காசு) ஸ்டாம்ப் பச்சை, 8 ஸ்கில்லிங் மஞ்சள். மஞ்சளில் வந்த 3 ஸ்கில்லிங் உலகத்திலேயே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. 8 ஸ்கில்லிங் ஸ்டாம்ப் அடிக்கும் அச்சுத் தட்டில் 3 ஸ்கில்லிங்குக்கான அச்சு ஒன்று மாறிப் போய்ச் சேர்ந்தது என்றே கருதுகிறார்கள். 1861இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வெளியிட்ட முக்கோண ஸ்டாம்பில் ஒரு பென்னி நீலத்திலும் நாலு பென்னி சிவப்பிலும் வந்ததும் அப்படித்தான். ஜெர்மனியின் பாடன் பகுதியில் 1851இல் 9 க்ரொய்ட்சர் (அங்கிருந்த காசு) ஸ்டாம்பை 6 க்ரொய்ட்சருக்கான பச்சைத் தாளில் அடித்துவிட்டார்கள். மூன்றிலும் தவறி வந்தது அதே வரிசையின் இன்னொரு மதிப்புக்குரிய நிறம். வரிசையிலேயே இல்லாத நிறம் என்றால் முதலில் சந்தேகப்படுங்கள்.

தம்பி விடவில்லை. "இதே வரிசையில் இரண்டரையணா நீலம்தானே அண்ணா?" என்றார். சரியான கேள்வி. ஓர் இரண்டரையணாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது அடர்ந்த நீலம். அவருடையது துவைத்துத் துவைத்துச் சாயம் போனதுபோல் இருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அரசே மாற்றிய நிறத்தைப் பிழை என்பது

விக்டோரியா ஒரு அணா 1900இல் கத்தரிப்பூ நிறத்திலிருந்து சிவப்புக்கு மாறியது. எந்தக் கட்டணத்துக்கு எந்த நிறம் என்று சர்வதேச அஞ்சல் ஒன்றியம் செய்த ஏற்பாடு அது. ஐந்தாம் ஜார்ஜ் ஒரு அணாவும் 1922இல் சிவப்பிலிருந்து சாக்லேட் நிறத்துக்குப் போனது. இரண்டுமே சாதாரண ஸ்டாம்புகள். ஸ்டாம்புகளைப் பட்டியலிடும் கேட்டலாக்கைப் புரட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஷேடைப் பிழை என்பது

மை கலக்கும் ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் மாறும். அது ஷேடு, பிழை இல்லை.

மொபைல் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவது

வேண்டாம்.

கவரிலிருந்து ஊறவைத்துப் பிரிப்பது

தபால் நிலைய முத்திரையை அழித்து ஸ்டாம்பை மறுபடி ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகவே தண்ணீர் பட்டால் கலையும் மையில் அச்சிட்ட காலம் உண்டு. 1883-84இல் பிரிட்டன் வெளியிட்ட ஊதா, பச்சை ஸ்டாம்புகள் அந்த ரகம். ஊறப்போட்டால் பச்சை கெட்டுவிடும். பிறகு உங்களுக்கே அது பிழை மாதிரி தெரியும். அதோடு, கவரில் இருக்கும்வரை முத்திரையின் தேதியும் ஊரும் கூடவே சாட்சியாக நிற்கும். சந்தேகம் வந்தால் கவரோடேயே நிபுணர் சான்றிதழுக்கு அனுப்புங்கள். சான்றிதழ் காட்டாமல் பிழை விலை கேட்பவரிடம் சாதாரண ஸ்டாம்பின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.