காணி பெர்மிட்ல பேர் இல்லாத அம்மாயியத் தேடுறது எப்படி

எங்கட ஒழுங்கையில மற்றப் பிள்ளைகள் எல்லாம் அம்மம்மா எண்டு கூப்பிட நாங்க மட்டும் அம்மாயி எண்டு கூப்பிடுவம், ஏன் அப்படி எண்டு விளங்கவே எனக்கு இருபது வயசு ஆச்சு. அவ பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒண்டில லயத்துல பிறந்தவ. 1977 கலவரத்தோட பிள்ளைகளத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கு வந்து, பத்தை வெட்டி நெல்லும் வெங்காயமும் செஞ்சு ஆறு பிள்ளைய வளர்த்தவ. ஆனா அரசாங்கம் குடுத்த காணி பெர்மிட் தாத்தா பேர்ல, உரக் கடன் தாத்தா பேர்ல, கமக்காரர் எண்டு எழுதின ஒரு கடதாசியிலயும் அம்மாயி இல்ல. கத்தோலிக்கக் கோயில் புத்தகத்துல மட்டும் இருக்கிறா. அதனால வேதக்காரக் குடும்பத்துப் பொம்பிளை ஒருத்தியத் தேடுறீங்க எண்டா கச்சேரி எண்ட அரசாங்கக் கந்தோர விடக் கோயில நம்பித் தொடங்குங்க.

அதுக்கு முதல் வீட்டுப் பெரியாக்களோட கதைக்கோணும், போன்ல ரெக்கோர்ட் போட்டுட்டே கதையுங்க. எத்தனையாம் ஆண்டு எண்டு கேட்டா சொல்லத் தெரியாது, "சூறாவளிக்கு முன்னயா பின்னயா" எண்டு கேளுங்க, 1964 மார்கழிச் சூறாவளி, 77, 83 கலவரம், 90 சண்டை, சுனாமி எண்டு ஒவ்வொண்டா வச்சுக் கேட்டா வரும். மாசத்துக்கு மடுத் திருநாள் இருக்கு, ஆடி 2 ஒண்டு ஆவணி 15 ஒண்டு, இல்லாட்டி பெரும்போகம் விதைச்ச நேரமா வெட்டின நேரமா எண்டு கேளுங்க. எங்கட பெரியம்மா தான் பிறந்த மாசத்த இப்படித்தான் சொன்னா, பிறகு பாத்தா சரியா இருந்திச்சு.

பிறகு அவவிட செபப் புத்தகத்தப் பாருங்க. அம்மாயிட புத்தகம் அட்டை கிழிஞ்சு நூலால தைச்சது, உள்ளுக்குள்ள 31ம் நாள் நினைவு அட்டைகள் பதினொண்டு, கடைசிப் பக்கத்துல பென்சிலால பிள்ளைகள் பிறந்த நாள். ஒரு வரியில பேர் இல்லாம வெறும் திகதி மட்டும், தங்காம போன பிள்ளை அது, எங்க ஒருத்தருக்கும் தெரியாது. இப்படியான பக்கத்த ஒட்டவோ லாமினேட் பண்ணவோ வேண்டாம், பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்தாக் காணும்.

பேத் சேர்டிபிகேட் எடுக்கிறது லேசு, பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்துல விண்ணப்பம் குடுக்கலாம். அந்தச் சேர்டிபிகேட்ல இலங்கையில பிறந்த பாட்டன்ட பேர் கேட்டு ஒரு இடம், பூட்டன்ட பேர் கேட்டு ஒரு இடம் இருக்கும். பாட்டிக்கு இடமில்ல. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் வழியத்தான் கணக்குல எடுத்திச்சு, அந்தச் சட்டத்தாலதான் எங்கட மலையக ஆக்கள் லட்சக்கணக்கில நாடில்லாம நிண்டவங்க. தாய்வழியத் தேடுறவங்க இந்தக் கடதாசியோட நிண்டிராதீங்க. 1949 இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குக் கீழ புருசன் போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பம் வீட்டுல கிடந்தா எடுத்து வைங்க, பெண்சாதி பிள்ளைகள் பேரும் அதுலதான் வரும்.

இனிக் கோயில். தோட்டத்துச் சின்னக் கோயில்ல புத்தகம் இருக்காது, மாசத்துக்கொருக்கா ஃபாதர் வந்து பூசை வச்சுட்டுப் போற இடம் அது, பதிவெல்லாம் பங்குக் கோயில்ல. பதுளை தனி மறைமாவட்டம், அதாவது ஒரு ஆயருக்குக் கீழ வாற பகுதி, ஆனது 1972ல, அதுக்கு முன்னுக்கு கண்டியோட இருந்தது. திருகோணமலை 1893ல உண்டாகி, 1967ல திருகோணமலை மட்டக்களப்பு எண்டு பேர் மாறி, 2012ல ரெண்டாப் பிரிஞ்சது. இது தெரிஞ்சாத்தான் எந்த ஆயர் இல்லத்துல விசாரிக்கிற எண்டு விளங்கும். பங்குப் புத்தகம் அழிஞ்சிருந்தாலும் ஆயர் இல்லத்துல கேளுங்க, 1983 வரைக்கும் இருந்த 1917 திருச்சபைச் சட்டப்படி வருசா வருசம் ஒரு பிரதி அங்க அனுப்ப வேண்டியிருந்திச்சு.

1960கள் வரைக்கும் பதிவு லத்தீன்ல இருக்கலாம். பயப்பட வேண்டாம், நாலஞ்சு சொல் போதும்: நாதா எண்டா பிறந்தவ, உக்சோர் எண்டா பெண்சாதி, மாத்ரினா எண்டா ஞானத்தாய், ஞானஸ்நானத்துல பிள்ளைக்குப் பொறுப்பா நிக்கிறவ. பேர்தான் சிக்கல். ராயப்பன் அங்க பெத்ருஸ், சின்னப்பன் பாவுலுஸ், அருளப்பன் யோவானெஸ், சூசை யோசேபுஸ். அம்மாயிய எல்லாரும் பாப்பா எண்டு கூப்பிட்டு ஐடென்டிட்டி கார்ட்லயும் அதுவே ஏறிட்டு, நான் அந்தப் பேரக் குடுத்து ரெண்டு தரம் "அப்படி ஒராள் இல்ல" எண்டு திரும்பி வந்தன். மூண்டாந் தரம் தகப்பன் பேரையும் வருசத்தையும் குடுத்துத் தேடச் சொன்ன பிறகுதான் சவேரியா எண்டு வந்தா.

ஞானஸ்நானப் பதிவுட ஓரத்தையும் கட்டாயம் பாருங்க. எந்தக் கோயில்ல எப்ப கலியாணம் முடிச்ச எண்டு பிறகு அங்க எழுதிறது வழக்கம், அத வச்சு அடுத்த பங்குக்குப் போகலாம். கலியாணப் புத்தகத்துல சொந்தத்துக்குள்ள முடிக்க அனுமதி குடுத்த குறிப்பு இருக்கலாம், அந்தக் காலக் கணக்குல ரெண்டாம் படி எண்டா ஒராளிட தாயோ தகப்பனோ மற்ற ஆளிட தாயோட இல்லாட்டித் தகப்பனோட கூடப்பிறந்த ஆள், தாத்தாவும் அம்மாயியும் மச்சான் மச்சாள் எண்டது எனக்கு அப்படித்தான் தெரிய வந்திச்சு.

எல்லாத்தையும் விடப் பெரிய வழி ஞானத்தாய் இடம். உங்கட ஆள் தாயா வாற பதிவ மட்டும் பாத்துட்டு வந்திராதீங்க, ஊரார் பிள்ளைகளுக்கு ஞானத்தாயா நிண்ட பதிவையும் ஃபாதரிட்டக் கேட்டுத் தேடுங்க. புத்தகத்த உங்கட கையில தரமாட்டாங்க, அது சரிதான், அதுல உயிரோட இருக்கிற ஆக்கள்ட விசயமும் இருக்கு. பேரையும் ஆண்டையும் எழுதிக் குடுத்துட்டுப் பொறுமையா நில்லுங்க, கிடைச்சா பக்க நம்பரையும் கொப்பியில எழுதுங்க.

அப்படிக் கேட்டுத்தான் 1978க்கும் 1982க்கும் இடையில அம்மாயி ஏழு பிள்ளைகளுக்கு ஞானத்தாயா நிண்டது தெரிஞ்சிச்சு. ஏழு குடும்பமும் மலைநாட்டால வந்து அக்கம் பக்கத்துல காணி வெட்டின ஆக்கள். அதுல ஒரு அக்கா இப்பவும் பாலையூற்றுப் பக்கம் இருக்கிறா, நான் போய்ச் சொன்னதும் அழுதுட்டு, ஞானத்தாய் குடுத்த சின்னச் சிலுவை எண்டு உள்ளுக்குப் போய் ஒரு டப்பாவ எடுத்துக்கொண்டு வந்தா.