பிஞ்சைக் கிள்ள மனசு வரவில்லையா?

வசந்தம் முடியும் நேரத்தில் ஆப்பிள், பீச் மரங்களில் பிஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பார்க்க அழகுதான். அப்படியே விட்டால் பழங்கள் சிறுத்துப்போகும், கிளையும் முறியலாம். ஆப்பிள் என்றால் அடுத்த வருஷம் காய்க்காமல் ஏமாற்றவும் செய்யும்.

மரம் தானாகக் கொஞ்சம் பிஞ்சுகளை உதிர்க்கும். அது ஓய்ந்ததும் ஆப்பிளில் கொத்துக்கு ஒன்றும், பீச்சில் சுமார் 15 செ.மீ.க்கு ஒன்றும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். வடு, பூச்சித் துளை உள்ளவை முதலில் போகட்டும். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு பிஞ்சைத் திருகினால் போதும். இழுத்தால் காம்போடு மொட்டும் பிய்ந்து வந்துவிடும். முதல் பத்துப் பிஞ்சு வரைக்கும் கை நடுங்கும், அப்புறம் பழகிவிடும்.

தோட்டத்தில் இருக்கும்போதே கத்தரிக்கோலை எடுத்து வாடிய ரோஜாக்களையும் பாருங்கள். ஐந்து சிற்றிலை உள்ள இலைக்குச் சற்று மேலே வெட்டினால் புதுத் துளிர் அங்கிருந்து கிளம்பும்.