எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்குப் புத்தகம் தேர்ந்து கொடுப்பது எப்படி

புத்தகத்தைச் சொல்வதற்கு முன் பிள்ளையிடம் பேச வேண்டும். வேலூர்க் கோட்டைக்குப் போனால் அகழியைப் பார்த்து நிற்கிறதா, உள்ளே 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம் எதுவென்று கேட்கிறதா என்பதிலேயே அதன் விருப்பம் தெரிந்துவிடும்.

பழங்காலத்தைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு, கீழடியைப் பின்னணியாகக் கொண்டு உதயசங்கர் எழுதி, 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற 'ஆதனின் பொம்மை' நாவலைத் தயங்காமல் கொடுக்கலாம். நீண்ட கதையில் பொறுமை நில்லாத பிள்ளைக்குச் சிறுகதைகளே ஏற்றவை. நம் வந்தவாசியில் வாழும் மு.முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' 2021இல் அதே விருதைப் பெற்ற தொகுப்பு.

கொடுக்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, பிள்ளையையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகத்தை நீங்கள் உடனிருந்து வாசித்துக் காட்டுவதே நல்லது. என் அண்ணன் மகள் மூன்றாவது விரலோடு நின்று, விரலை மறந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். வேறு புத்தகம் தேட வேண்டியிருக்கவில்லை.

இருபது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடி வைக்க விடுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம்.