யார் வரைந்த பக்தி ஓவியம்? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

யார் வரைந்தது என்று தெரியாத கிறிஸ்தவ பக்தி ஓவியம் கையில் கிடைத்தால், பெரும்பாலும் கீழ் ஓரத்தில் கையெழுத்தைத்தான் தேடுவோம். அதற்கு முன் படத்தை மெதுவாகத் திருப்புங்கள். கேன்வாஸை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தில் ஏல எண், கண்காட்சிச் சீட்டு, கேன்வாஸ் விற்ற கடையின் முத்திரை ஏதாவது இருக்கலாம். கடை முத்திரை ஒன்று போதும், காலமும் ஊரும் ஓரளவு பிடிபட்டுவிடும். தூசி தட்டும்போது அந்தச் சீட்டுகளைத் தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள்.

அடுத்து பூதக்கண்ணாடி. சீரான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம்.

அப்புறம்தான் கையெழுத்து. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியவரும். ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். புற ஊதா விளக்கில் பழைய வார்னிஷ் பச்சை கலந்து ஒளிரும். கையெழுத்து மட்டும் அதன்மேல் கறுத்துத் தெரிந்தால், யாரோ பிறகு சேர்த்ததாக இருக்கலாம்.

கூகுள் லென்ஸில் முழுப்படத்தோடு நிறுத்தாமல் முகம், கை என்று தனித்தனியாகவும் தேடுங்கள். பக்தி ஓவியங்களில் பிரதிகள் ஏராளம். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள, இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த ‘சிஸ்டின் மடோன்னா’ என்ற மாதா ஓவியத்தின் அடியில் இரண்டு குட்டித் தேவதைகள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களை மட்டும் தனியே எடுத்து வரைந்த படங்களே எத்தனையோ! உருவம் யாரென்று தெரிந்தால் தேடல் இன்னும் சுருங்கும்: சாவி வைத்திருப்பவர் புனித பேதுரு, முள் சக்கரத்தோடு இருப்பவர் புனித கத்தரீனா.

கீழைத் திருச்சபையின் (கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் போன்றவை) பழைய ஐகான், அதாவது வழிபாட்டுக்கான புனிதர் படம் என்றால் பெரும்பாலும் கையெழுத்தே இருக்காது. அங்கே ஓவியரின் பெயரை விட்டுவிட்டு, எந்தப் பகுதி, எந்த நூற்றாண்டு என்று தேடுவதுதான் சரி.