வீட்டுக்காரர் ‘வாடகை பாக்கி’ என்கிறாரா? கணக்கை இப்படி எடுங்கள்

தருமபுரி பாரதிபுரத்தில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீடு. வாடகை 7,500, அட்வான்ஸ் 20,000. காலி செய்யப் போன அன்று வீட்டுக்காரர், “மூணு மாசம் பாக்கி நிக்குது தம்பி, அட்வான்ஸ் போக இன்னும் 2,500 தரணும்” என்றார். பத்து நாள் அலைந்து முடித்தோம். அந்த வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில், சண்டை போடாமல் எந்தெந்த மாதம் என்று கேட்டு அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஜனவரி, மார்ச், மே.

அடுத்து பேங்க் ஸ்டேட்மென்ட். ஜிபே ஸ்கிரீன்ஷாட் போதும் என்று நினைத்து நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கீழே மளிகைக் கடையும் அவருடையதே. வாடகையையும் கடை க்யூஆரில்தான் போட்டோம். பால், முட்டை, வாடகை எல்லாம் ஒரே பெயரில் கிடந்தது. “அதெல்லாம் கடை பாக்கிக்கு வந்தது” என்றார். மூன்று பேரின் ஸ்டேட்மென்டையும் பிரிண்ட் எடுத்து, ஆளுக்கு வாடகைப் பங்காக 2,500 போன வரிகளை மட்டும் மஞ்சள் கோடு போட்டோம். ஜனவரிக்கு மூன்றும் கிடைத்தது. மார்ச்சில் இரண்டுதான். ஒரு மணி நேரம் தேடிய பிறகு 2,740 என்று ஒரு வரி கண்ணில் பட்டது. நண்பன் கடைக் கணக்கு 240-ஐயும் சேர்த்துப் போட்டிருக்கிறான்! கடை நோட்டைக் கேட்டோம். அதே தேதியில் 240 அடித்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, அதை விடுங்க” என்றார்.

எக்ஸெல் வேண்டாம். மாதம், தேதி, தொகை, யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள அடையாள எண்) என்று நோட்டில் கையால் எழுதுங்கள். பெரியவர்களிடம் போனை நீட்டினால் எரிச்சல்தான் வரும்.

மே மாதம் எங்கள் தப்பு. லீவுக்கு ஊருக்குப் போய்விட்டோம், ஆளில்லாத வீட்டுக்கு வாடகை எதற்கு என்று விட்டுவிட்டோம். சாவி உங்களிடம் இருந்தால் வாடகையும் உங்களுடையதுதான். 7,500-ம் கரண்ட் பில் 640-ம் கழித்து 11,860 கைக்கு வந்தது. ‘பாக்கி இல்லை’ என்று கையெழுத்தும் வாங்கினோம்.

பேசித் தீரவில்லை என்றால் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். தருமபுரி, அரூர் கோட்டங்களில் ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள். பாக்கி உண்மையாகவே இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் ஆகியிருக்க வேண்டும். பத்திரத்தில் எழுதி பீரோவில் வைத்தது மட்டும் போதாது. எங்களிடம் அதுகூட இல்லை, அதனால்தான் நோட்டோடு உட்கார்ந்தோம்.

பின்சேர்க்கை: ‘கடைசி மாசத்தை அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க’ என்று வாயால் சொல்லிவிட்டு வந்த இருவர் இதே சிக்கலில் மாட்டியதாக எழுதியிருந்தார்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் ‘சரி’ என்று பதில் போடும்வரை விடாதீர்கள். கடிதம் அனுப்புவதானால், பதிவுத் தபால் 2025-லேயே ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் டெலிவரி சான்றும் வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள்.