அட்டாக் வந்தவருக்குத் தைராய்டு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஹார்ட் அட்டாக் வந்து ஐசியூவில் கிடக்கும்போது எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டை வைத்தே ஆயுசுக்கும் மாத்திரை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உடம்பு பெரிய அடி வாங்கினால் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் தானாகவே இறங்கும். தேறி வரும்போது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) கொஞ்ச நாள் ஏறி நின்றுவிட்டு இறங்கும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டிருந்தால் ஃப்ரீ டி4 (இன்னொரு தைராய்டு ஹார்மோன்) இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். எண் ரொம்பத் தாறுமாறாக இல்லையென்றால் 6 வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே சரி. அப்போதும் டிஎஸ்எச் 6, 7 என்று லேசாகக் கூடி, டி4 சரியாக இருந்தால் பதற வேண்டாம். அட்டாக் வந்த இப்படிப்பட்டவர்களுக்கு இங்கிலாந்தில் 52 வாரம் தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு: இதயம் பம்ப் செய்யும் திறன் கூடவில்லை.

மாத்திரை நிஜமாகவே தேவைப்பட்டால், அளவில்தான் ஆபத்து. இதய நோயில்லாத இளவயதுக்காரருக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று முழு டோஸையும் முதல் நாளே கொடுக்கலாம். அடைப்புள்ள இதயம் அதைத் தாங்காது. தைராக்சின் ஏறினால் துடிப்பு கூடும், இதயத் தசை ஆக்சிஜனை அதிகம் கேட்கும். சுருங்கிய ரத்தக்குழாயால் கொடுக்க முடியாமல் நெஞ்சுவலி திரும்பும். அதனால் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, 6 வாரத்துக்கு ஒரு தடவை அதே அளவு கூட்டுவார்கள். ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையவே 7 நாள் ஆகும். இடையில் டெஸ்ட் எடுப்பது காசுக்குத்தான் கேடு.

வீட்டம்மாவுக்கு 100 மைக்ரோகிராம், ஐயாவுக்கு 25. இரண்டும் ஒரே கம்பெனி டப்பா, டிவி பக்கத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும். தன்னுடையது தீர்ந்த அன்று, “எல்லாம் தைராய்டு மாத்திரைதானே” என்று அதில் ஒன்றைப் போட்டால் நாலு மடங்கு. மூடியில் மார்க்கரால் பெயரையும் எண்ணையும் பெரிதாக எழுதுங்கள். மதுரை வெயிலில் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

உசிலம்பட்டியில் முதல் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்கு வருபவர்கள், பஸ் ஸ்டாண்டு டீயோடு எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். சுக்குமல்லி காபியோ டீயோ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. ஆஸ்பிரினோடு சேர்த்துத் தரும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் தைராக்சின் சேர்வதைக் குறைக்கும். அதை நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும். டெஸ்ட் நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுங்கள்.

துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்கள் தைராய்டை மறந்தே போகிறார்கள். அதன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின்; உடம்புக்கு நாளைக்கு வேண்டியதோ 150 மைக்ரோகிராம். தைராய்டு கூடவும் செய்யும், குறையவும் செய்யும். தொடங்கும் முன் ஒரு டெஸ்ட், பிறகு 6 மாதத்துக்கு ஒன்று. நிறுத்தினாலும் மருந்து கொழுப்பில் மாதக்கணக்கில் தங்குவதால் டெஸ்டை உடனே விட்டுவிடக் கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குத் தைராக்சின் கூடினால் ரத்தம் கூடுதலாக நீர்க்கும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் டெஸ்ட்) பார்க்கவும். டோஸ் கூட்டிய பிறகு படபடப்போ நெஞ்சு இறுக்கமோ வந்தால் அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல், மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.