குழந்தையின் உடம்பில் கட்டியா? கத்தி படுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அக்கா மகனுக்கு ஐந்து வயதில் முன்கையில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எங்கேயோ விழுந்திருப்பான் என்று சுளுக்கு வழிப்பவரிடம் இரண்டு முறை எண்ணெய் போட்டு உருவினோம். அப்புறம் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் "கொழுப்புக் கட்டிதான்" என்று அரை மணி நேரத்தில் வெட்டி எடுத்துவிட்டார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்களே, அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். ரிப்போர்ட்டில் வந்த பெயர் ராப்டோமயோசர்கோமா.

எலும்போடு ஒட்டி, நாம் நினைத்தபடி அசையும் தசைகள் இருக்கின்றன அல்லவா, அந்தத் தசையாக வளர வேண்டிய செல்கள் பாதியில் கெட்டுப்போய் வரும் புற்றுநோய் இது. அந்த மாதிரி தசையே இல்லாத சிறுநீர்ப்பையில்கூட வரும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு மூன்று அளவுதான், அதனால் பல மருத்துவர்கள் பாடத்தில் படித்ததோடு சரி.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? வாரக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே போகும், பெரும்பாலும் வலிக்காத கட்டி. ஒரு கண் மட்டும் திடீரென்று முன்னால் துருத்துவது. மருந்து போட்டும் நிற்காத காதுச் சீழ், ஒரு பக்க மூக்கடைப்போடு ரத்தம். சிறுநீரில் ரத்தம், விதைப்பை வீக்கம், பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் திராட்சைக் கொத்து போலச் சதை தெரிவது. இவை எல்லாவற்றுக்கும் சாதாரணக் காரணங்களும் உண்டு, பயந்து சாக வேண்டாம், ஆனால் பற்றுப் போட்டுக்கொண்டு மாதம் கடத்தவும் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். என்ன கட்டி என்று தெரியாமல் அதை முழுசாக எடுக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அப்புறம் பயாப்ஸி, அதாவது சோதனைக்குக் கட்டியில் சின்னத் துண்டு மட்டும் எடுப்பது, அதுவும் பின்னால் பெரிய அறுவை சிகிச்சை செய்யப் போகிறவரே அல்லது அவரைக் கேட்டுக்கொண்டு ஒருவர் எடுத்தால் நல்லது. ஏனென்றால் ஊசி போன வழியிலும் புற்றுச் செல் தங்கலாம், பிற்பாடு அந்த வழியையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். கை காலில் கீறினால் நீளவாக்கில் கீற வேண்டும். அக்கா மகனுக்குக் குறுக்கே கீறியிருந்தார்கள், அதனால் இரண்டாம் முறை தேவைக்கு மேல் சதை போனது.

பயாப்ஸி முடிந்ததும் ரிப்போர்ட் தாளோடு திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள். சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதற்கு பிளாக் என்று பெயர், கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சட்டம். அதையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பெரிய மருத்துவமனையில் அதை மறுபடி பார்ப்பார்கள், மயோஜெனின், டெஸ்மின் என்று சாயச் சோதனைகள் செய்வார்கள், ஃபாக்ஸோ1 மரபணு இடம் மாறி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒட்டியிருந்தால் நோய் கொஞ்சம் முரடு, மருந்தின் திட்டம் அதற்கேற்ப மாறும். நெஞ்சு சி.டி., எலும்பு மஜ்ஜைச் சோதனை, முடிந்தால் பெட் ஸ்கேன் எல்லாம் நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் மூன்றிலும் குழந்தைப் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

சிகிச்சை என்பது கீமோ, அதோடு அறுவை அல்லது கதிர்வீச்சு, சிலருக்கு மூன்றுமே. பல திட்டங்களில் வின்கிறிஸ்டின், டாக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு மூன்று மருந்துகள், ஏறக்குறைய பத்து மாதம். வின்கிறிஸ்டினால் மலம் இறுகிவிடும், குழந்தை அழ ஆரம்பித்த பிறகு பார்த்தால் தாமதம், மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். படி ஏறும்போது கால் தடுக்குகிறதா என்று கவனியுங்கள், அதுவும் அந்த மருந்தின் வேலையாக இருக்கலாம். சைக்ளோபாஸ்பமைடு ஏறும் நாளில் தூங்குகிற பிள்ளையை எழுப்பியாவது சிறுநீர் கழிக்க வையுங்கள், சிறுநீர்ப்பையில் தேங்கினால் உள்ளே புண்ணாகி ரத்தம் வரும். போலியோ சொட்டு முகாம் வந்தால், வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

காய்ச்சலுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தெர்மாமீட்டரில் 100.4 தாண்டினால் பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகும், உடனே கிளம்ப வேண்டும். அக்கா வீட்டில் ஃபைல், காப்பீட்டு அட்டை, ஒரு மாற்றுத் துணி எல்லாம் போட்டு ஒரு மஞ்சள் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்தப் பத்து மாதத்தில் அதை ஐந்து முறை எடுத்துக்கொண்டு ஓடினோம், மூன்று முறை நடுராத்திரியில்.